போஷகருக்கு வாய் எதற்கு

மேற்பிரிவு லயம்,
டிக்கோயா.

அன்புள்ள மச்சான் வைரவனுக்கு,

மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். கொழும்பில் நீங்களும் பிள்ளைகளும் அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் தேயிலைத் தோட்ட நலன்புரிச் சங்கம் என்னைப் போஷகர் ஆக்கியதற்காக நீங்கள் படத்தோடு பத்திரிகையில் போட்ட வாழ்த்தைப் பார்த்தேன். போனில் நன்றி சொல்லலாம்தான். பக்கத்தில் உங்கள் அக்கா தனலெட்சுமி நின்று சிரிக்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

மச்சான், போஷகர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. சங்கத் தலைவராக இருந்தவரை எனக்கு வாய் இருந்தது. புயலுக்குப் பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை பிளந்து வெடித்திருப்பதும், சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டிருப்பதும் நீங்கள் அறிந்ததே. மழை பெய்தால் பிள்ளைகளைக் கோயிலில் படுக்க வைக்கிறோம். தோட்ட நிர்வாகம் ஒதுக்கிய சமதரையில் லயத்துச் சனங்களுக்கு வீடு கட்ட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். செயலாளர் ஜெயகாந்தனுக்கோ அதே இடத்தில் கலாசார மண்டபம் வேண்டும். திறந்து வைக்கப் பெரிய மனிதர்கள் வருவார்களாம். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அடுத்த கூட்டத்திலேயே, "ஐயா ஒழச்சது போதுங்க, இனி ஒசரத்துல வச்சுப் பாக்கணும்" என்று மாலையைப் போட்டுத் தலைவர் நாற்காலியை உருவிவிட்டான். நானும் சேர்ந்து கைதட்டினேன், மச்சான். புத்தி எங்கே மேயப் போனதோ.

பிறகுதான் தெரிந்தது, போஷகர் கூட்டத்தில் பேசக் கூடாது, கை தூக்கக் கூடாது, தீர்மானமெல்லாம் முடிந்தபின் ஆசியுரை மட்டும் வழங்கலாம். வெடிப்பைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். கூட்டிப்போய்க் காட்டலாம் என்று எழுந்தால், "போஷகர் சேத்துல எறங்கலாமுங்களா?" என்று இரண்டு பேர் தோளைப் பிடித்து அமுக்கிவிட்டு, குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள். காற்றில் திரி பற்றவில்லை. அது பற்றுவதற்குள் மழை வந்துவிட்டது. அதிகாரி வடையைத் தின்று, "லஸ்ஸனய், லஸ்ஸனய்" என்று சிங்களத்தில் மேடை அலங்காரத்தைப் புகழ்ந்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

மண்டபத்துக்கு வாக்கெடுப்பு நடந்த அன்று, சனத்தோடு சனமாகக் கீழே உட்கார்ந்து கை தூக்கப் பார்த்தேன். அலாக்காகத் தூக்கிப்போய், துண்டு விரித்த நாற்காலியில் வைத்தார்கள். எல்லாம் முடிந்து ஆசியுரைக்கு அழைத்ததும் மைக்கைப் பிடித்து, "இது அநியாயம்டா! அந்த மண்ணு எறங்குனா ஒங்க மண்டபத்துல பொணத்ததான் அடுக்கணும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஜெயகாந்தன், "போஷகர் ஐயாவின் மனந்திறந்த ஆசிக்கு நன்றி" என்று அறிவித்துப் பொன்னாடை போர்த்தினான். சனம் கைதட்டியது. தட்டியவர்களில் பாதிப் பேர் எங்கள் லயத்துக்காரர்கள். பக்கத்துக் காம்பிரா வீட்டு ராக்காயி மட்டும் தட்டவில்லை. "இனி எங்களுக்காக யாருங்கய்யா கேப்பாங்க?" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அக்கா, "போஷகர்னா சாமி மாதிரிங்களா? மாலய வாங்கிக்கிட்டு வாயத் தொறக்காம இருக்கிறதா?" என்கிறாள். மாலை போட்டுத்தான் மச்சான், கோயிலில் கிடாயையும் வெட்டுகிறார்கள்.

ஆகவே பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறும் சின்னராசாவாக லயத்துச் சனங்களைத் திரட்டித் தோட்ட ஆபீஸ் வாசலில் உட்காரப் போகிறேன். வீடு வந்தால் எல்லோருக்கும் வரட்டும். வராவிட்டால் எல்லோரோடும் சேர்ந்து புதைந்து போகிறேன். இது சத்தியம்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். இதற்காவது வாக்கெடுப்பு தேவையில்லை. பெருமழைக்கு முன் ஒரு தடவை வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
சின்னராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஜெயகாந்தன் வந்துவிட்டான். போஷகர் வெடித்த லயத்தில் குடியிருப்பது சங்கத்துக்கே அவமானமாம். தோட்டத் துரையிடம் பேசி, உத்தியோகத்தருக்கென்று கட்டிக் காலியாகக் கிடக்கும் ஸ்டாப் குவாட்டர்ஸ் ஒன்றை எங்களுக்கு மட்டும் வாங்கியிருக்கிறான், நான் போஷகராக இருக்கும்வரை. உங்கள் அக்காவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை, விரிசல் விட்ட சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாமான்களைக் கட்டிவிட்டோம். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். ராக்காயிதான் பெட்டியை என் தலையில் தூக்கிவிட்டாள். "நீங்களாச்சும் போய்ப் பொழைங்கய்யா" என்றாள். மச்சான், ஆசி வழங்கிவிட்டு வந்தேன்.