கிளட்ச் இல்லாத வண்டியும் பதினோரு வருஷக் கோபமும்

முருகையன் வீட்டு வாசப்படியை இந்த ஜென்மத்தில் என் கால் மிதிக்காது என்று நான் சபதம் போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. முருகையன் வேறு யாருமில்லை, என் பெண்சாதி சின்னப்பாப்பாவின் கூடப்பிறந்த தம்பி. அவன் மகள் கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று நாற்பத்தேழு பேரைப் போட்டிருந்தான். பந்தல்காரர் பேர் இருந்தது. கோவிந்தராசு என்கிற என் பேர் இல்லை. அச்சாபீசில் விட்டுப்போச்சு என்றான். நான் அஞ்சாவது வரைதான் படித்தவன். என் பேர் இல்லை என்று படிக்க அது போதும்.

கோபம் வந்தால் நான் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. வண்டியை உறும விடுவேன். முருகையன் வீடு நோணாங்குப்பத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை முதலியார்பேட்டையிலிருந்து என் பழைய பைக்கில் போய் அவன் வாசலில் நிற்பேன். கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மூன்று முறுக்கு முறுக்குவேன். தெருவே திரும்பிப் பார்க்கும். திரும்பி வந்துவிடுவேன். அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வரும்.

நான் போகாத வீட்டுக்குச் சின்னப்பாப்பாவும் போகவில்லை. பிறந்த வீடு அது. ஒருநாளும் வாய்திறந்து குறை சொன்னதில்லை. சொல்லாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் என் இடது முட்டி மக்கர் பண்ணியது. கியர் வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“அப்ப ஸ்கூட்டர் வாங்கிடலாம்ங்க” என்றாள் சின்னப்பாப்பா.

“மில்லுல முப்பது வருஷம் மிஷின் ஓட்டினவன் நான். பொம்பள வண்டியில போய் நிக்கணுமா?”

“சரி, ஆம்பள வண்டியே வாங்குங்க. கியர் தானா மாறிக்கிற பைக்கு வந்திருக்காம். வினோத்குமார் சொன்னான்.”

வினோத்குமார் எங்கள் மகன். இங்கே பக்கத்திலேயே மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலை. அவன்தான் எங்கள் இரண்டு பேரையும் ஷோரூமுக்கு அழைத்துப் போனான். அங்கே இருந்த பெண் வண்டியைப் பற்றி விளக்க ஆரம்பித்தது.

“முப்பத்தஞ்சு வருஷமா ஓட்டுறேன். எனக்கே சொல்லித் தரியாம்மா?” என்று நான் டேங்கைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டேன். சின்னப்பாப்பா மட்டும் கடைசிவரை நின்று கேட்டாள். நடுவில் சந்தேகம்கூடக் கேட்டாள். சைக்கிள் ஓட்டத் தெரியாதவளுக்கு என்ன சந்தேகம் என்று நான் சிரித்தேன்.

வண்டி எப்படி என்று கேட்பீர்கள். பஞ்சு மெத்தையில் உட்கார்ந்து போகிற மாதிரி இருந்தது. முறுக்கினால் போகும், பிடித்தால் நிற்கும். கியர் மாறுவது வயிற்றுக்குக்கூடத் தெரியாது. இடது காலுக்கு வேலையே இல்லை, ரிட்டயர் ஆன கால் மாதிரி சும்மா கிடந்தது. கெடுத்தது இடது கைதான். அது முப்பத்தஞ்சு வருஷமாகக் கிளட்ச் பிடித்த கை. இந்த வண்டியில் அதே இடத்தில் பின் பிரேக்கை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் கை கிளட்ச் என்று நினைத்து முழுசாக அமுக்கும். வண்டி அறை வாங்கினதுபோல் நிற்கும். பின்னால் இருக்கிறவள் மூக்கு என் முதுகில் வந்து மோதும்.

“அது கிளட்ச் இல்லைங்க.”

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா பிடிக்கிறீங்க?”

“எனக்குத்தான் தெரியும். கைக்குத் தெரியல.”

“கைக்குத் தனியா ஒருநாள் ஷோரூம் கூட்டிட்டுப் போலாமா?”

மூன்றாம் நாள் ஒரு சிக்னலில் நின்றோம். பின்னால் ஆட்டோக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். எனக்குக் கோபம் வந்தது. பழக்கதோஷத்தில் ஒரு முறுக்கு முறுக்கினேன். வண்டி பாய்ந்து போய் முன்னால் நின்ற பால்வண்டியை முட்டியது. சிக்னலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். போலீஸ்காரர் மட்டும் திரும்பி நின்று சிரித்தார். நல்ல மனுஷர்.

“நிக்கும்போது முறுக்கவே கூடாதுன்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சே. இது எப்பவும் கியர்லயேதான் இருக்குமாம்.”

“கோவம் வந்தா கை தானா முறுக்குது பாப்பா.”

“முறுக்கினா வண்டி தானா போயிடுதா?”

“அதான் பாத்தியே.”

அவள் வீடு வரும்வரை எதையோ யோசித்துக்கொண்டே வந்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முருகையனின் பேத்தி இனியாவுக்குக் காது குத்து. இந்தத் தடவை பத்திரிகையில் என் பேரை எல்லாருக்கும் மேலே, போட்டோவோடு போட்டிருந்தான். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. போடத் தெரியாமல் இல்லையே, அன்றைக்கு வேண்டுமென்றுதானே விட்டிருக்கிறான்.

நான் ஒரு திட்டம் போட்டேன். விருந்தாளிகள் எல்லாம் கூடியிருக்கும் நேரத்தில் புது வண்டியோடு அவன் வாசலில் நிற்க வேண்டும். மூன்று முறுக்கு. திரும்பிவிட வேண்டும். பால்வண்டியை முட்டியதெல்லாம் கோபத்தில் மறந்தே போச்சு. அவளிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசிக்கும்போதே சின்னப்பாப்பா வந்தாள்.

“ஏங்க, போட் ஹவுஸ் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா? வண்டி மெயின் ரோட்டுல எப்படிப் போவுதுன்னு பாக்கலாம்.”

“போட் ஹவுஸுக்கா பட்டுப்புடவை?”

“போட்டோ எடுப்பாங்க.”

போட் ஹவுஸ் இருப்பதும் நோணாங்குப்பத்தில்தான். தானாக வந்து மாட்டினாள் என்று நான் உள்ளுக்குள் சிரித்தபடி கிளம்பினேன். அரியாங்குப்பம் பாலத்தில் காற்று அருமையாக வீசியது. நோணாங்குப்பம் வந்ததும் முருகையன் தெருவுக்குள் திருப்பினேன். ஏன் இந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. அங்கேயாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அவன் வீட்டுக்கு நேர் எதிரே, வாசலைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினேன். வாழை மரம், சீரியல் லைட், ஸ்பீக்கர். பந்தலுக்குள் முருகையன் புதுச் சட்டையில் நின்றிருந்தான்.

“இருங்க, புடவை மாட்டிக்கிச்சு” என்று சின்னப்பாப்பா இறங்கினாள். இறங்கி, நாலு அடி தள்ளிப் போய் நின்றாள்.

முருகையன் என்னைப் பார்த்தான். பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அந்தப் பழைய பத்திரிகையின் நாற்பத்தேழு பேரும் கண்முன் வந்து நின்றார்கள். இடது கை கிளட்ச் தேடுவதற்கு முன் வலது கை முறுக்கிவிட்டது.

பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வண்டி ரோட்டைத் தாண்டியது. வாழை மரத்துக்கு நடுவே புகுந்தது. பன்னீர் தெளிக்க நின்ற பெண் என்மேல் தெளித்தும்விட்டது. உள்ளே போய் எதன்மேலோ பொதுக்கென்று மோதி நின்றேன். கண்ணைத் திறந்தால் உமி மூட்டைகளுக்கு நடுவே கிடக்கிறேன், தலையெல்லாம் உமி. சமையல்காரர்கூடக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“அடி பட்டுடுச்சா மாமா?” என்று முருகையன் ஓடிவந்து தூக்கினான்.

“என் கால் படல. வண்டிதான் வந்துச்சு” என்றேன். பதினோரு வருஷம் கழித்து நான் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

“ஆமா மாமா. சபதம் அப்படியே இருக்கு. இப்ப ஒரு வாய் சாப்பிடுங்க.”

சின்னப்பாப்பா வாசல் வழியாக நடந்து வந்தாள். நிலைப்படியில் ஒரு நிமிஷம் நின்று கதவைத் தடவிப் பார்த்தாள். தம்பி பெண்சாதி வந்து கையைப் பிடித்ததும் உடைந்து அழுதாள். எனக்கு முட்டி வலிக்கவில்லை. வேறு எங்கேயோ வலித்தது. உமியைத் தட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சந்தேகம் வந்தது.

“இந்த வீட்டுக்கு இரும்பு கேட் இருந்துச்சே முருகையா?”

“நேத்துச் சாயங்காலம் கழட்டிட்டோம் மாமா. அக்கா போன் பண்ணிச்சு.”

“உமி மூட்டை?”

“அதுவும் அக்காதான். எட்டு மூட்டை அடுக்கச் சொல்லிச்சு. மாமா அவ்ளோ வேகமாலாம் வர மாட்டாரு, நாலு போதும்னு நான்தான் சொன்னேன்.”