மேனேஜரின் கெட்டிப் பல்

“கலியா, பொயலை இருந்தா எட்றா” என்றார் மேனேஜர் மோகன்ராஜ்.

வரதன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். பொய்ப்பல் செய்யும் அந்தக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் கலவை போடுவது அவன்தான். மோகன்ராஜோ புகையிலை பக்கமே போகாதவர், டீயைத் தவிர வேறெதையும் தொடாத மனிதர். குரலும் அவருடையதாக இல்லை. வேறு யாரோ தொண்டைக்குள் உட்கார்ந்து பேசுவது போலிருந்தது.

மெஷின் ஆபரேட்டர் கலியன் வரதனிடம் ஓடி வந்தான். “சார், இது செத்துப்போன எங்க நைனா கொரலு.”

பிளாஸ்டிக் பல் சீக்கிரம் தேய்கிறதென்று, கெட்டிப்படுத்த எலும்பைச் சுட்டு அரைத்த வெள்ளைப் பொடி ஒன்று சாம்பிளாக வருவதாக இருந்தது. ஸ்டோரில் இருந்த டப்பாவை அதுதான் என்று நினைத்து, வரதன் சலித்துக் கலந்துவிட்டான். முதல் செட்டை, பொக்கைவாய் மேனேஜர் நேற்று தானே மாட்டிக்கொண்டார்.

“அந்த டப்பாவா?” வரதன் சொன்னதைக் கேட்டுக் கலியன் தலையில் கை வைத்தான். “நைனாவோட சாம்பல் சார் அது. ஊட்டுக்குள்ள எத்துனு போவக் கூடாதுன்னு இங்க வச்சேன். மேனேஜர் லீவு தரல. நாளைக்காவது காட்டுப்பள்ளி கடல்ல கரைக்கணும். இல்லாங்காட்டி நைனா எப்படிப் போய்ச் சேரும்?”

நைனாவைக் கரைக்க, மேனேஜர் வாயிலிருந்து பல்லைக் கழற்றி வாங்கியே ஆகவேண்டும்.

“பாலிஷ் போட்டுத் தரேன், கழட்டுங்க சார்” என்றான் வரதன்.

மோகன்ராஜ் வாயை இறுக்கிக்கொண்டார். வரதன் புகையிலை கொடுத்துப் பார்த்தான். மென்றுகொண்டே நண்டு கேட்டார். நண்டு வந்தது. ஓட்டோடு கடித்து நொறுக்கினார். அந்தப் பாழாய்ப்போன நேரத்திலும் வரதனுக்குத் தன் கலவையை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கலியனே கெஞ்சினான். “நைனா, வெளிய வந்துடு.”

மேனேஜர் அவன் தலையைத் தடவினார். “இன்னாத்துக்கு அயுவுற? போ, அல்லாருக்கும் லீவு.”

ஷெட் காலியாகி, மெஷின்கள் நின்றன. இனி வேலை போனதுதான் என்று பயந்த வரதன், மேனேஜரின் மனைவி சுமலதாவுக்கு போன் போட்டான். அவள் மீஞ்சூரிலிருந்து பதறிக்கொண்டு வந்தாள். கண்ணாடி அறைக்குள் மோகன்ராஜ் பளீரென்ற பல்வரிசை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, நீங்க சொன்னா கேப்பாரு. அந்தப் புதுப் பல்லைக் கழட்டச் சொல்லுங்க.”

சுமலதா கைப்பையைத் திறந்தபடி அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

“எதைக் கழட்டறது? ஈறு உறுத்துதுன்னு வீட்லயே வச்சிட்டு, காலையில வெறும் வாயோடதான் கெளம்புனாரு. இதோ, பல்லு என்கிட்ட இருக்குது.”