எதிர் ஓட்டுக்கு இலவச வண்டி

"நான் 'வேண்டாம்'னுதான் குத்தப் போறேன், தெரியுமில்ல?" என்றபடி ஓர்வல் காரின் முன்சீட்டில் வசதியாகச் சாய்ந்தார்.

ஊர்ப் பெயர்ப்பலகையைத் தாண்டிப் போய் அவரை அழைக்க வந்த எல்டனுக்குப் பகீரென்றது.

விற்பனை வரியை டாலருக்கு அரை சென்ட் கூட்டி, அந்த நிதியில் ஊருக்குள் தொழில் வளர்க்கலாமா என்று இன்று ஓட்டெடுப்பு. ஜெயித்தால், பூட்டிக்கிடக்கும் மளிகைக்கடை திறக்கும். அவன் மனைவி லவோன் அதை நடத்துவாள். தோற்றால் வீட்டை விற்றுவிட்டு ஒமாஹாவில் மகனோடு போய் ஒண்ட வேண்டியதுதான்.

ஆனால் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, "வண்டி இல்லாதவங்க யாரா இருந்தாலும் நான் ஏத்திட்டுப் போறேன்" என்றவன் அவனேதான். கர்த்தரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நயமாகப் பேசிப் பார்த்தான். "வேற ஏதாவது ஒத்தாசை வேணுமா, பெரியவரே?"

"தங்கச்சி ஹெட்டா வீட்டுக்குள்ளதான் இருக்கா. அவளையும் கூட்டிக்கலாமே."

ஹெட்டா பின்சீட்டில் ஏறியதும், "எனக்கும் 'வேண்டாம்'தான்" என்றாள்.

ஒன்று இரண்டாயிற்று. பூட்டிய கடையைக் கண்ணால் பார்த்தாலாவது மனசு இளகும் என்று அந்தத் தெரு வழியாகச் சுற்றிப் போனான்.

"இங்க வாங்கின முட்டை ஒண்ணாவது நல்லா இருந்துச்சா?" என்றாள் ஹெட்டா. "ரெண்டு தரம் குத்த விட்டா ரெண்டு தரம் குத்துவேன்."

பெட்ரோல் தீர்ந்துவிட்டதென்று வண்டியை நிறுத்திவிடலாமா? அப்படி நினைத்ததற்கே மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தேவாலயத்துக்கு விரட்டினான். அதன் கீழ்த்தளத்தில்தான் வாக்குச்சாவடி. பக்கத்துச் சமையலறையில் ஆர்டித் ஜாம் வைத்த கொலாச்சி ரொட்டியைச் சுடச்சுட விற்றுக்கொண்டிருந்தாள். இருவரையும் கைபிடித்துப் படியிறக்கிவிட்டு, வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்தால், வாக்குச்சாவடிக் கதவைச் சாத்திவிட்டார்கள். சுற்றி வந்ததில் அவனுடைய ஓட்டே போயிற்று.

ஓட்டு எண்ணி முடிக்கும்வரை லவோனுக்கு என்ன பதில் சொல்வது என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"ஒரே ஓட்டு வித்தியாசத்துல பாஸ்" என்று யாரோ சொன்னார்கள்.

எல்டன் திகைத்துப்போய் ஓர்வலைப் பார்த்தான். "நீங்க ரெண்டு பேரும் எதிர்த்துத்தானே குத்தினீங்க?"

ஓர்வல் மீசையில் ஒட்டியிருந்த ஜாமைத் துடைத்துக்கொண்டார். "எங்களுக்கு ஏதுப்பா ஓட்டு? எங்க வீடுதான் ஊர்ப் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கே. கொலாச்சி திங்க வந்தோம், வழியில உன்னைக் கொஞ்சம் சீண்டினோம். நீ வண்டியை ஓரங்கட்டப் போன நேரத்துல, எதிர் ஓட்டுன்னு தெரிஞ்சும் ஏத்திட்டு வந்தான்னு ஆர்டித்கிட்ட சொன்னேன். ஓட்டே போட மாட்டேன்னு இருந்தவ, கதவு சாத்துறதுக்குள்ள ஏப்ரனைக் கழட்டி வெச்சுட்டுப் போய் 'சரி'ன்னு குத்திட்டு வந்தா."