நாலு ஜோடிப் பஞ்சும் இரண்டு காதும்

அநியாயம் நடந்தது இரண்டு காதுகளுக்கு. இரண்டும் ஒருத்திக்கே சொந்தம். செய்தவர் அவளுடைய கணவர், அதுவும் முழு அன்போடு. அன்போடு செய்தால் அது அநியாயம் ஆகுமா என்று கேட்பவர்கள், தினம் ஆறு மணி நேரம் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்து பேசட்டும்.

அவள் பிழைப்பு அப்படி. எங்கோ கூட்டம் நடக்கும், யார் யாரோ பேசுவார்கள், ஒலிப்பதிவு இவளுக்கு வரும். காதால் கேட்டு, கையால் தட்டி, எழுத்தாக்கி அனுப்ப வேண்டும். மேசைக்கு அடியில் ஒரு மிதிகட்டை. மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். அந்த வீட்டில் அவள் நினைத்தால் நிற்கிற ஒரே பேச்சு அதுதான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஹெட்போனின் காதுப் பஞ்சு உரிய ஆரம்பித்தது. கறுப்புப் பொருக்கு கன்னத்தில் ஒட்டியது, தோளில் உதிர்ந்தது, காபியில் மிதந்தது. பிறகு உள்ளே இருந்த பிளாஸ்டிக் வளையம் வெளியே வந்து காது மடலைக் கடிக்கத் தொடங்கியது. வலது காதுக்குப் பின்னால் புண். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏங்க, இந்தப் பஞ்சை மட்டும் மாத்திக் குடுங்களேன்."

கணவர் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பதினேழு வருஷமாகத் தட்டச்சு செய்கிறவர். அங்கே அவரிடம் யாரும் எதிலும் அபிப்பிராயம் கேட்டதில்லை. இங்கே ஒருத்தி கேட்டுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார்.

"பஞ்சுன்னு சொல்லாதே. பேடு. சவுண்டோட உயிரே அதுலதான் இருக்கு."

"சவுண்டு கிடக்கட்டுங்க. வலிக்காம இருந்தா போதும்."

"ரெண்டும் ஒண்ணுதான்மா. உனக்குப் புரியாது."

புண் யார் காதில் இருந்தது, புரியாதது யாருக்கு என்பதை வாசகர்கள் தீர்மானிக்கலாம்.

முதலில் வெல்வெட் பேடு வந்தது. பிறகு தோல். பிறகு துளை போட்ட தோல். பிறகு ஜெல். நாலு ஜோடியும் அவள் காதுக்கென்று வாங்கியவை. நாலும் குடியேறியது அவர் காதில். சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடி, ஒரே வயலின் துண்டைப் பன்னிரண்டு தடவை கேட்பார். "இன்னும் கொஞ்சம் ஆழம் வேணும்" என்று கழற்றிவிடுவார். உள்ளே ஒரு வளையம் ஸ்பாஞ்ச் வைத்தார். ஓட்டைகளுக்கு டேப் ஒட்டினார். தலைப்பட்டையின் பிடி இறுக்கம் என்று, ஹெட்போனை ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவின் மேல் விரித்து மாட்டி மூன்று நாள் அலமாரியில் வைத்தார்.

"அவ்வளவு பெரிய தலை நம்ம வீட்ல யாருக்குங்க இருக்கு?"

"பட்டை வளைஞ்சு குடுக்கணும்மா."

"நான் குடுத்துக்கிட்டு இருக்கறது போதாதா?"

அந்த நாட்களில் அவள் செல்போனோடு வந்த குட்டிக் குமிழ்களைக் காதில் செருகி வேலை பார்த்தாள். இரண்டு தடவை தாமதமாயிற்று. மூன்றாவது தடவை தாமதமானால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கம்பெனி மேற்பார்வையாளர் அம்மாள் மரியாதையாகவே எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை நாலு பதிவுகள் வந்தன. ஒரு குளிர்பெட்டித் தொழிற்சாலையின் குறைகேட்புக் கூட்டம். ஒவ்வொன்றும் நாற்பது நிமிஷம். திங்கள் காலை பத்து மணிக்குள் வேண்டும்.

சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால், சாப்பாட்டு மேசையில் ஹெட்போன் பதினொரு துண்டாகக் கிடந்தது. சண்டை போடத்தான் நினைத்தாள். தெம்பு இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"திங்கட்கிழமை அனுப்பலேன்னா என் வேலை போயிடுங்க."

"அதனாலதான் அவசரப்படக் கூடாதுங்கறேன். பத்து நிமிஷத்துல மாட்டிடுவேன். அப்புறம் முறையா ஒரு சோதனை. நாலுல எதுன்னு இன்னைக்கு நாளைக்குள்ள முடிவு."

"வயலினா?"

"வயலின்தான்."

"எனக்கு வர்றது பேச்சுங்க."

அவர் யோசித்தார். "நியாயம். பேச்சுலதான் சோதிக்கணும்."

"என்கிட்ட ஒரு பதிவு இருக்கு. நாப்பது நிமிஷம்."

"ஒண்ணு பத்தாது. ஒரே பேச்சைத் திரும்பக் கேட்டா, காதுல விழாததையும் மூளையே நிரப்பிக்கும். பேடுக்கு ஒண்ணா நாலு வேணும்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாலு இருக்கு."

"சும்மா கேட்டாலும் ஆகாது. எந்த வார்த்தை விழுது, எது நழுவுதுன்னு ஒரு ஆதாரம் வேணும்."

"தட்டச்சு பண்ணிப் பார்த்தா தெரிஞ்சிடும். ஒரு வார்த்தை விடாம."

"கரெக்ட். நீ தட்டு, நான் குறிப்பு எடுக்கறேன்."

"என் காது புண்ணுங்க. எதைப் போட்டாலும் வலிக்கும். வலிக்கற காது சொல்ற சாட்சி செல்லுமா?"

"செல்லாது" என்றார், தீர்ப்புச் சொல்லும் நிதானத்தில்.

அன்றும் மறுநாளும் அவர் மிதித்தார், கேட்டார், தட்டினார். குக்கர் சத்தம் தொந்தரவு என்று சமையலறைக் கதவைச் சாத்தச் சொன்னார். அவள் சாத்தினாள். காதுக்குக் களிம்பு தடவிக்கொண்டு பகலில் படுத்துத் தூங்கினாள். எத்தனையோ வாரத்துக்கு அப்புறம் அவள் காதுக்குள் யாரும் பேசவில்லை.

மூன்றாவது பதிவுக்குக் காபி கொண்டுபோய் வைத்தபோது, அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார். முகம் சிவந்திருந்தது.

"கேட்டியா அநியாயத்தை? லோடிங் பக்கம் ஒரு மின்விசிறி கேட்டு ஒரு வருஷமாச்சாம். மூணு கமிட்டி போட்டாங்களாம், விசிறி வரல. ஒரு சின்ன விஷயம். கேட்டதும் செஞ்சு குடுத்துட்டுப் போக வேண்டாமா?"

"வேணுந்தாங்க" என்றாள் அவள். காபி டம்ளரை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள்.

ஞாயிறு மாலை நாற்பத்தாறு பக்கம் முடிந்தது. முகம் தெரியாத முப்பது பேரின் குறைகளை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தார். இருமியவர்களைக்கூட அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார். அவள் ஒரு தடவை படித்தாள். அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அவர் நாலு ஜோடியையும் மேசையில் வரிசையாக அடுக்கினார். அவள் கையில் செல்போன். மேற்பார்வையாளர் அம்மாளின் பதில் வந்திருந்தது: இவ்வளவு சுத்தமான வேலையை இதுவரை பார்த்ததில்லை, இதே கை தொடரட்டும்.

"வெல்வெட்ல பேச்சு மெலிசு" என்றார் அவர், தன் காதைத் தேய்த்துக்கொண்டே. "தோல்ல இரைச்சல். துளை போட்டது பரவாயில்ல, ஆனா அழுத்துது. ஜெல் வேர்க்குது. ஒரு முடிவுக்கு வர முடியல. உன் காது, நீயே சொல்லு. எதை மாட்டட்டும்?"

ஐந்து மாதத்தில் அந்தக் கேள்வி அவளிடம் வந்தது இதுதான் முதல் தடவை. அவள் செய்தியின் கடைசி வரியை இன்னொரு தடவை படித்துவிட்டு, செல்போனைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு எது வலிக்கலையோ அதையே மாட்டிக்கங்க. இன்னும் ஆறு பதிவு அனுப்பியிருக்காங்க, வியாழக்கிழமைக்குள்ள வேணுமாம்."