புரோக்கர் விற்காத சைட்

பெங்களூர் மொத்தத்தையும் ஒரே ஆளிடம் விற்கக் கொடுத்தால், ஒரு மழைக்காலத்துக்குள் முடித்துவிட்டு, "மைசூர் பக்கம் ஏதாவது இருக்கா?" என்று கேட்கக்கூடியவர் எங்கள் ஹெப்பகோடி ஏரியா புரோக்கர். அவருக்கும் பெயர் என்று ஒன்று வைத்திருப்பார்கள். ஆனால் அவர் மனைவியே, "புரோக்கர் வெளிய போயிருக்காரு" என்றுதான் சொல்வார்.

எனக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். "வெளிச்சம் பாருங்க சார், காத்து பாருங்க" என்று ஜன்னல் ஜன்னலாக இழுத்துப் போனார். குழாய்ப் பக்கம் மட்டும் விடவில்லை. குடிபோன பிறகு காரணம் தெரிந்தது. போன் செய்து கத்தினேன்.

"தண்ணிதானே சார்? நம்ம நெலத்துல வந்து பாருங்க, எவ்ளோ கெடக்குது!" என்றார்.

உண்மைதான். என் வீட்டுக்குப் பின்னாலேயே அவருடைய சதுப்பு நிலம். கோரை மண்டிக் கிடக்கும். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும், நீர்க்கோழிகள் குஞ்சுகளோடு உலாத்தும். சுற்றிலும் அவர் விற்ற சைட்டுகளில் அடுக்குமாடிகள். இதையும் கேட்டு லேஅவுட் பார்ட்டிகள் காரில் வந்து இறங்குவார்கள். காபி வாங்கிக் கொடுத்து, வேறு யாருடைய நிலத்தையாவது தலையில் கட்டி அனுப்பிவிடுவார்.

"இதை மட்டும் ஏன் விக்க மாட்டேங்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் வித்த சைட்டுத் தண்ணியெல்லாம் எங்க சார் போவும்? இங்கதான் வந்து நிக்குது. இதையும் மூடிட்டா, பேஸ்மென்ட்ல நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தனும் எனக்குத்தான் போன் பண்ணுவான்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பையனும் நம்ம தொழில்தான், இந்த நெலத்துக்கு ஒரு பார்ட்டிகிட்ட பேசி வச்சிருக்கான் சார். நான் கண்ண மூடினா மறுநாளே மண்ணு லாரி வந்துடும்" என்றார். அவர் வியாபாரக் குரல் இல்லாமல் பேசி நான் கேட்டது அன்றுதான்.

அந்தச் சமயத்தில் அரசு ஒரு வரைவு விதி கொண்டுவந்தது. தனியார் சதுப்பு நிலத்தை மூடமாட்டேன், அதில் கட்டடம் எழுப்பமாட்டேன் என்று சொந்தக்காரர் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கலாம். நிலம் அவரிடமே இருக்கும், வரியில் சலுகை உண்டு. பொதுமக்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டமும் போட்டார்கள். புரோக்கர் துணைக்கு என்னை இழுத்துப் போனார்.

பறவை ஆர்வலர்கள் உருக்கமாகப் பேசி அமர்ந்த பிறகு புரோக்கர் மைக்கைப் பிடித்தார். பழக்க தோஷம், "கெழக்கு பாத்த எடம் சார், மெயின் ரோடு பக்கத்துலயே..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"நாங்க வாங்க வரலைங்க" என்றார் அதிகாரி. அரங்கம் சிரித்தது. புரோக்கர் அசரவில்லை.

"கோடையில வந்து தண்ணி இருக்கான்னு சோதிப்போம்னு போட்டிருக்கீங்க. கல்யாணம் முடிஞ்சு மண்டபத்தைக் கழுவும்போது வந்து, சாப்பாடு எங்கன்னு கேட்டா எப்படி சார்? மழைக்கு அப்புறம் வாங்க."

அதிகாரி தலையசைத்தார். "வேற?"

"இந்த ஒப்பந்தம் யாரைக் கட்டிப்போடும்?"

"கையெழுத்து போட்ட ஓனரை."

"அவரை மட்டும்தானே?" என்ற புரோக்கர் திடீரென்று என் கையைப் பிடித்து எழுப்பினார். "இதோ, இவருக்கு வித்துட்டேன். இவரு எதுலயும் கையெழுத்து போடலை. சொல்லுங்க சார், இப்ப என்ன பண்ணுவீங்க?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "வீடு கட்டுவேன்..."

"வெறும் வீடா?" விலாவில் இடித்தார்.

"அப்பார்ட்மென்ட்!" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். சொந்த நிலம் வந்துவிட்ட வேகத்தில், "ரெண்டு பேஸ்மென்ட்!" என்றும் சேர்த்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பறவை ஆர்வலர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"கூத்கொள்ளி, கூத்கொள்ளி" என்று அதிகாரி எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். புரோக்கர் உட்காரவில்லை.

"காலம் பூரா இதான் சார் என் தொழிலு. எங்க ஓட்டை இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆளைக் கட்டாதீங்க, நெலத்தைக் கட்டுங்க. வில்லங்கச் சர்டிபிகேட்ல ஏத்துங்க. எவன் வாங்க வந்தாலும் அதைப் பாத்துட்டு ஓடணும். என் பையனே வந்தாலும்..."

வில்லங்கமே இல்லை என்று சத்தியம் செய்து ஊரையே விற்ற மனிதர், தன் நிலத்துக்கு வில்லங்கம் கேட்டு நின்றார். அதிகாரி பேனாவை எடுத்தார்.

இறுதி விதியில் இரண்டு திருத்தங்களும் வந்தன. மழை முடிந்ததும் சோதனைக்கு வந்தவர்கள் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. பதிவு அலுவலகத்தில் முதல் ஆளாகப் போய் நின்றவர் புரோக்கர். மகன் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். "கொஞ்ச நாளு ஆவும் சார். அவன் வித்த வீட்டுத் தண்ணியும் இங்கதானே வரணும்" என்றார்.

இப்போது நான் மல்லேஸ்வரத்தில் இருக்கிறேன். குழாயில் தண்ணீர் வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் முதல் பெருமழைக்கு மறுநாள் போன் வந்துவிடும். அன்று கூட்டத்தில் எனக்கு விற்றதை அவர் இன்னும் ரத்து செய்யவில்லை.

"சார், உங்க சைட்டுல தண்ணி வந்துடுச்சு. வந்து பாத்துட்டுப் போங்க."

இந்த ஊரில் எனக்கென்று ஒரு பிடி மண் கிடையாது. ஆனால் அவர் அப்படிச் சொல்லும்போது நான் மறுப்பதில்லை. குடையை எடுத்துக்கொண்டு, என் சைட்டைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறேன்.