ரெக்சின் என்றால் ரெக்சின்தான்

இந்த ஒரு தடவை மனைவியிடம் தோற்பதில்லை என்று பரஞ்சோதி உறுதி எடுத்தபோது, நழுவும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். பெல்ட் பக்கத்து வீட்டில் இருந்தது.

தேவகி மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தாள். அவள் காப்புக் கட்டினால் வீட்டைவிட்டு மீனும் கோழியும் மட்டும் போவதில்லை. தோலில் செய்த எதுவாக இருந்தாலும் கூடவே போக வேண்டும். பெல்ட், பணப்பை, கல்யாண வீட்டுக்குப் போடும் செருப்பு எல்லாம் ஒரே பையில் பக்கிரிசாமி வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. வீட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட ஒரே தோல் பரஞ்சோதியின் எலும்பை மூடியிருந்ததுதான். அதுவும் குளித்துவிட்டு வந்தால்.

பக்கிரிசாமி வீட்டில் விரதம் கிடையாது. அங்கே வாரத்தில் எட்டு நாள் கோழி.

இப்படிப்பட்ட நேரம் பார்த்துத்தான் சுங்கை லாலாங் தாமான் குடியிருப்பில் அவர் வீட்டுக் கம்பிக் கதவுக்கு முன்னால் கொரியர்காரன் ஒரு பெட்டியோடு வந்து நின்றான். கையெழுத்துப் போடும்போதே பரஞ்சோதிக்கு மூக்கு விடைத்தது. அட்டைப்பெட்டியையும் மீறி வந்தது அந்த வாசனை. தேவகியோடு வாழ்ந்ததைவிட அதிக நாள் அவர் அந்த வாசனையோடுதான் வாழ்ந்திருக்கிறார்.

இராணுவத்தில் ஹெலிகாப்டர் பிரிவு ஒன்றில் அவர் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். விமானிகள் பறக்கும்போது போடுவது தீப்பிடிக்காத துணி உடுப்பு. ஆனால் தரையிறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, நாலு பேர் பார்க்க நடந்து வரும்போது தோளில் ஏறுவது கரும்பழுப்புத் தோல் ஜாக்கெட். முன்னால் ஜிப், மணிக்கட்டிலும் இடுப்பிலும் இறுக்கிப் பிடிக்கும் கம்பளிப் பின்னல், இடது மார்பில் இறக்கைச் சின்னம். அதைப் பூஞ்சை பிடிக்காமல் துடைத்தவர் பரஞ்சோதி. மடங்காமல் மாட்டி வைத்தவர் பரஞ்சோதி. ஆளைப் பார்த்ததும் அளவு சொல்லி எடுத்துக் கொடுத்தவர் பரஞ்சோதி. ஒருநாளும் போட்டுப் பார்க்காதவரும் அவர்தான். பந்தி முழுக்கப் பரிமாறியவனுக்குக் கடைசியில் இலை இல்லாத கதை.

ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகும் அந்த ஆசை மட்டும் ஓய்வு பெறவில்லை. தீமிதிக்கு அடுத்த வாரம் பழைய பிரிவின் ஒன்றுகூடல், ஜெராய் மலை உச்சியில். வெயில் கொளுத்தும் கெடா மாநிலத்தில் மயக்கம் போடாமல் தோல் ஜாக்கெட் போடக்கூடிய இடம் அது ஒன்றுதான். இதைப் போனில் சொன்னபோது அவருடைய பழைய கேப்டன் சிரித்தார். "என்னுடையதை அனுப்புறேன் ஜோதி, எனக்கு இப்ப ஜிப் ஏற மாட்டேங்குது" என்றார். மலைமேல், குளிரில், விமானிகள் நடுவில் நின்று ஒரே ஒரு படம். பரஞ்சோதி வாழ்க்கையிடம் கேட்டது அவ்வளவுதான்.

"என்னாங்க பொட்டி?"

கையில் வேப்பிலையோடு தேவகி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"கேப்டன் அனுப்பிருக்காரு. ஜாக்கெட்டு."

"ஜாக்கெட்டா? என் அளவு அவருக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கில்ல தேவகி. விமானி போடுற ஜாக்கெட்டு."

பெட்டியைத் திறந்து காட்டினார். தேவகி கிட்டே வரவில்லை. எட்ட நின்றே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஆடா, மாடா?"

பரஞ்சோதி அந்தக் கணத்தில் நிறைய யோசித்தார். உண்மையைச் சொன்னால் ஜாக்கெட் பக்கிரிசாமி வீட்டுக்குப் போகும். அங்கே போன மண்வெட்டி காம்பு இல்லாமல் திரும்பியது. குடை, கம்பி மட்டும் திரும்பியது. பாத்திக் சட்டை மீன் குழம்போடு திரும்பியது. போதாக்குறைக்கு பக்கிரிசாமி அகலமான ஆள். ஆசைப்பட்டு ஒரு தடவை உள்ளே நுழைந்தானென்றால் ஜாக்கெட் இரண்டு பாகமாக வெளியே வரும்.

"ரெண்டும் இல்ல," என்றார். "ரெக்சின்."

"ரெக்சினா?"

"சுத்தமான ரெக்சின்."

"கேப்டனுக்குப் போயி ரெக்சினா குடுப்பாங்க?"

"மாடர்ன் ஆர்மிலா தேவகி. இப்ப எல்லாம் செயற்கைதான்."

தேவகி வேப்பிலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"சரி. நீங்க சொன்னா சரிதான்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லியிராத வாக்கியம் அது. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் ஜெயித்தவனுக்குக் காது கேட்காது. பெட்டியோடு வாசற்படியில் கால் வைத்தார்.

"எங்க உள்ள கொண்டு போறீங்க?"

"அலமாரில வைக்க."

"ரெக்சினை எவன் அலமாரில வைப்பான்? போர்ச்சுல மழைக்கோட்டு மாட்டுற ஆணி இருக்குல்ல, மோட்டார் சைக்கிள் பக்கத்துல. அதுல மாட்டுங்க."

அதுவும் நியாயம்தானே. கேப்டனின் ஜாக்கெட் மழைக்கோட்டுக்கும் பழைய ஹெல்மெட்டுக்கும் நடுவில் தொங்கியது. பரஞ்சோதி மத்தியானம் முழுக்கப் போர்ச்சிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். காற்று வாங்குவதாகச் சொன்னார். அன்றைக்குக் காற்றே இல்லை.

மறுநாள் காலையில் தேவகி குசினியிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னாங்க, செமிலிங்ல மாலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். மோட்டாரை எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வந்துருங்க. காலைக் காத்து ஆகாது, அந்த ரெக்சினைப் போட்டுக்குங்க."

பரஞ்சோதி ஆணிக்கு ஓடினார். தானாக வந்த உத்தரவு. முதல்முறையாகக் கையை விட்டார். மற்றக் கையை விட்டார். ஜிப்பை மெல்ல மேலே இழுத்தார். ஹெல்மெட் கண்ணாடியில் தெரிந்த ஆள் கிடங்குக்காரன் இல்லை.

"ஐயோ, நேராவா போட்டிருக்கீங்க?" தேவகி வாசலுக்கு வந்து நின்றாள். "ஜிப்புச் சந்துல காத்து பூந்துரும்லா. திருப்பிப் போடுங்க."

"இதை அப்படிப் போடுறதில்ல தேவகி."

"ஊர்ல மோட்டார் ஓட்டுற எல்லாரும் முன்பக்கத்தைப் பின்னாடி போட்டுத்தானே போறாங்க. தோலா இருந்தா மடிப்பு விழும்னு யோசிக்கலாம். ரெக்சினுக்கு என்ன?"

ரெக்சினுக்கு ஒன்றுமில்லை. பரஞ்சோதி கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டார். நெஞ்சில் வெறும் பழுப்பு, கழுத்துப் பட்டி தாடையை முட்டியது, இறக்கைச் சின்னம் முதுகுப் பக்கம் போய்விட்டது. இறக்கை முளைக்க வேண்டிய இடம் முதுகுதானே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு கிளம்பினார்.

பீடோங் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் வந்து நின்றது ஓர் இராணுவ லாரி. இருக்கிற வண்டிகளில் அதுதான் வர வேண்டுமா? பின்னால் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவன் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனான். சல்யூட் அடித்தானா, வெயிலுக்கு மறைத்தானா, அல்லது சிரிப்பை அடக்கினானா என்பது செமிலிங் போய்ச் சேரும்வரை பரஞ்சோதிக்கு விளங்கவில்லை. திரும்பி வரும்போது ஒரு கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும், சிரிப்புதான் என்று விளங்கிவிட்டது.

மாலையை வாங்கிக்கொண்ட தேவகி, "பூ வாடாம கொண்டாந்துட்டீங்க. நல்ல ரெக்சின்" என்றாள்.

"ஆமா."

"ஆணியிலயே மாட்டிருங்க."

அன்று முழுக்க ஜாக்கெட் வெளியே கிடந்தது, பரஞ்சோதியும் வெளியே கிடந்தார். பல்லி வந்தால் விரட்டினார். வெயில் நகர்ந்தால் புதுக் குடையை நகர்த்தினார். யாரும் பார்க்காத நேரத்தில் பனியன் நுனியால் ஜாக்கெட்டின் கையைத் துடைத்துவிட்டார். ஒரு பொய்யைச் சொல்வது சுலபம், அதற்குக் காவல் இருப்பதுதான் சிரமம் என்று அவருக்குத் தோன்றியது. கிடங்கில்கூட அவருக்கு இவ்வளவு வேலை இருந்ததில்லை.

சாயங்காலம் தேவகி கோயிலுக்குக் கிளம்பினாள். கிளம்புவதற்கு முன்னால் ஒரு வாளியைப் போர்ச்சில் கொண்டுவந்து வைத்தாள். வாளி நிறைய நுரை.

"இது என்னா?"

"சவுக்காரத் தூள் கரைச்சிருக்கேன். தீமிதிக்குச் சொந்தக்காரங்க வருவாங்க. வாசல்லயே அழுக்கு ஜாக்கெட்டு தொங்கினா நல்லாவா இருக்கு? எடுத்து இதுல அமுக்கி ஊற வைங்க."

பரஞ்சோதி வாளிக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் போய் நின்றார்.

"ரெக்சினைத் தண்ணில போடக் கூடாதுலா."

"யாரு சொன்னா? நம்ம சோபா ரெக்சின்தானே. வருசா வருசம் தீபாவளிக்கு வெளிய இழுத்துப் போட்டுக் குழாய்த் தண்ணி அடிக்கிறோம். ஏதாச்சும் ஆச்சா?"

"அது வேற ரெக்சின்."

"இது?"

வாயைத் திறந்தார். தோல் என்று சொல்லிவிடலாம். ஆனால் காப்புக் கட்டிய வீட்டு வாசலில் தோலைத் தொங்கவிட்டு, கேட்டதற்குப் பொய்யும் சொன்னான் என்றாகும். பூக்குழியில் அவளுக்குப் பதிலாக அவர் இறங்க வேண்டி வரும்.

"இதுவும் ரெக்சின்தான்," என்றார்.

"அப்பப் போடுங்க. நான் வர்றதுக்குள்ள நல்லா ஊறிருக்கணும். இல்லாட்டி அப்படியே விட்டாலும் தா பாலா, பரவால்ல, மழையே அலசிரும்." வடக்கே கையைக் காட்டிவிட்டு நடந்தாள்.

ஜெராய் தலையில் முக்காடு போட்டிருந்தது. மலை முக்காடு போட்டால் சுங்கை லாலாங்கில் கொடித் துணியை எடுக்க வேண்டும். அந்தப் போர்ச்சில் சாரல் நாலா பக்கமும் அடிக்கும். கீழே நுரை, மேலே மேகம், நடுவில் கேப்டனின் ஜாக்கெட். வீட்டுக்குள் கொண்டு போகலாம்தான். ஆனால் உள்ளே அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தேவகியிடம் பொய் சொல்லிவிட்டார். அம்மனிடமும் ரெக்சின் என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

முதல் தூறல் விழுந்தது.

பரஞ்சோதி ஆணியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்தார். கைலிச் சாரத்தில் சுற்றினார். ஒரு கையில் குடை, மறு கையில் அந்த மூட்டை. கால்சட்டையைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் காலை அகட்டி அகட்டி நடந்தார். தேவகி கேட்டால் சொல்லவேண்டிய பதிலை வழியிலேயே ஒத்திகை பார்த்தார். பக்கிரி இரவல் கேட்டான். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. ரெக்சின்தானே, போனால் போகிறது. நல்ல பதில். இதில் தோல்வி எங்கே இருக்கிறது? ஜாக்கெட் நனையவில்லை, பொய் உடையவில்லை, மனைவிக்கு எதுவும் தெரியாது.

பக்கிரிசாமி வாசலில் நின்று கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே. மழை வந்துருச்சே, இன்னும் ஆளைக் காணோமேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"யாரைக் காணோம்?"

பக்கிரிசாமி கோழிக்காலால் உள்ளே காட்டினான். கூடத்துச் சுவரில் பரஞ்சோதியின் பெல்ட் தொங்கியது. பக்கத்தில் பணப்பை இருந்த பை. கீழே செருப்பு. நடுவில் புதிதாக அடித்த ஆணி ஒன்று. அதில் ஒரு பெரிய மர ஹேங்கர் காலியாகக் காத்திருந்தது.

"நான் தொட மாட்டேண்ணே, பயப்படாதீங்க. போட்டுப் பார்த்தா கையை ஒடிச்சிருவேன்னு அண்ணி சொல்லிட்டாங்க. ஜெராய்ல உங்க படம் நல்லா வரணுமாம்."

பரஞ்சோதி அந்த ஹேங்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மாட்டுங்க என்றாள். போடுங்க என்றாள். திருப்புங்க என்றாள். அமுக்குங்க என்றாள். வேப்பிலை பிடித்த அந்தக் கை ஒரு தடவைகூட ஜாக்கெட்டைத் தொடவே இல்லை.

"அண்ணி எப்பச் சொன்னாங்க?"

"கொரியர்காரன் அந்தப் பக்கம் போனதும் அண்ணி இந்தப் பக்கம் பின்வேலிக்கு வந்துட்டாங்கண்ணே. ‘மாட்டுத்தோலு, கனமா இருக்கும், பெரிய ஆணியா அடிச்சு வைங்க. அவராவே தூக்கிட்டு வருவாரு’ன்னாங்க."