வெயில் காய ஒரு வினைச்சொல்

டிக்‌ஷனரியை எல்லோரும் கண்ணால் படிப்பார்கள். உடம்பால் படித்தவள் உலகத்திலேயே ஒருத்திதான். அவள் என் ஹாஸ்டல் அறைத் தோழி. பரமக்குடி நெசவுக் குடும்பத்துப் பெண். வீட்டில் சௌராஷ்டிரம், வகுப்பில் ஆங்கிலம், சண்டையில் தமிழ். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. எங்களுக்கு அவள் ‘வெர்ப்’.

தொண்ணூறுகளின் கடைசி. நாகமலை புதுக்கோட்டையில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தோம். புதிதாக ஒரு வினைச்சொல் கிடைத்தால் வெர்ப் அதைச் செய்து பார்க்காமல் விடமாட்டாள். ‘ரூமினேட்’ என்றால் அசைபோடுவது என்று தெரிந்த அன்று, ஒரு வாய் தயிர்சாதத்தை மெஸ் மூடும்வரை மென்றாள். குளிர்காலம் முழுக்கத் தூங்கும் ‘ஹைபர்னேட்’ கிடைத்தபோது, எழுப்ப வந்த வார்டனிடம் போர்வைக்குள்ளிருந்தபடியே, “பனிக்காலம் முடியட்டும் மேடம்” என்றாள். அது சித்திரை மாதம்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம். பிஸ்கட் டின்னுக்குள் கைவிட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வினைச்சொல்லின் பொருள், பயன்பாடு, பிறப்பு மூன்றையும் வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்; இதைச் சொல்ல எனக்குச் சலிப்பதே இல்லை. ஆனால் பேச எழுந்தால் ஆங்கிலம் தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். முந்தைய முறை எழுந்தேன், நின்றேன், உட்கார்ந்தேன், அவ்வளவுதான். இந்த முறையும் அப்படியென்றால் அந்தப் பேப்பர் ஃபெயில் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த சீட்டு ‘ஆப்ரிகேட்’.

“வெயில் காயுறதுடீ!” என்று குதித்தாள் வெர்ப். “வெயில் விழுற இடத்துக்கு லத்தீன்ல ஒரு சொல் இருக்கு, அதுல பொறந்தது. நீயே காஞ்சாலும் ஆப்ரிகேட். ஒரு பொருள வெயில்ல காட்டுனாலும் ஆப்ரிகேட். இப்பல்லாம் யாரும் இத சீண்டுறதில்ல, பாவம். வா, மாடிக்குப் போவோம்!”

“போடீ. எங்க பேரையூர்ப் பக்கம் ஓணான்தான் வெயில் காயும். மனுசங்க வெயில்ல வேலை பாப்பாக. இதப் பத்தி நான் என்னத்தப் பேச?”

பேச வேண்டிய நாள் காலையில் அம்மா வந்து நின்றாள், கையில் அவித்த கடலைப் பையோடு. வெர்ப் அவளை அப்படியே மொட்டைமாடிக்கு இழுத்துப் போனாள். தை மாதத்து இளவெயில். நாகமலை நீளமாகப் படுத்துக் கிடந்தது.

“என்ன தாயி, வத்தல் காயப்போடணுமா?”

“ஒண்ணுமில்லம்மா. வெயில்ல சும்மா உக்காரணும்.”

“சும்மாவா? களை எடுக்காமயா?”

“ஆமா.”

“எம்புட்டு நேரம்?”

“ஒடம்புல சூடு ஏறுறவரைக்கும்.”

“இதுக்குத்தானா எம்மகள இம்புட்டுத் தூரம் படிக்க அனுப்புனேன்!”

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். கண்ணை மூடினாள். வெயிலில் அம்மாவைக் குனிந்த முதுகாகத்தான் எனக்குத் தெரியும். வெயில் அவள் முகத்தில் விழுந்து அன்றுதான் பார்த்தேன்.

“நீ போ, பின்னாலயே வாரேன்” என்றாள் வெர்ப். எனக்கு அடுத்து அவள் முறை.

வகுப்பில் எழுந்தேன். நின்றேன். அடுத்து உட்கார வேண்டியதுதான் பாக்கி. அப்போது ஜன்னல் வழியே ஹாஸ்டல் மாடி தெரிந்தது.

“மை மதர் இஸ் ஆப்ரிகேட்டிங்” என்றேன்.

“வேர்?” என்று திடுக்கிட்டார் பேராசிரியர்.

கையை நீட்டினேன். மொத்த வகுப்பும் ஜன்னலுக்கு ஓடியது. தூரத்து மாடியில் இரண்டு உருவங்கள், அசையாமல்.

“சார், வெர்ப்பும் சேந்து காயுது!” என்று எவளோ கத்தினாள். எழுந்த சிரிப்பில் என் தொண்டையும் திறந்துகொண்டது. பொருள், பயன்பாடு, பிறப்பு, ஓணான் எல்லாம் பேசினேன். நிறுத்தத்தான் ஆள் தேவைப்பட்டது.

அடுத்து வெர்ப்பைக் கூப்பிட்டார்கள். வரவில்லை. வராதவர்களுக்கு மறுவாய்ப்பு கிடையாது.

மாடிக்கு ஓடினேன். அம்மா அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியிருந்தது. வெர்ப் தன் துப்பட்டாவை அம்மாவின் கண்ணுக்கு நிழலாகப் பிடித்திருந்தாள்.

“ஏ லூசு, ஒன் முறை போச்சுடீ!”

“கத்தாத. எழுப்ப மனசு வரல.”

அந்தப் பேப்பரை அவள் மறுவருடம்தான் பாஸ் செய்தாள். அன்று அவள் எடுத்திருந்த வினைச்சொல் எது என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். சிரித்து மழுப்பிவிடுவாள்.

இப்போது நானும் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். தை மாதக் காலையில் மாடியில் வெயில் காய உட்கார்ந்தால், பக்கத்தில் வெர்ப்புக்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்காருகிறேன்.